இடம் வலமாகிற கை

பழவங்காடி,
திருவனந்தபுரம்.
5-8-1998

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். முதல் வருஷக் கட்டணம் கட்டி ரசீதும் வாங்கியாகிவிட்டது. உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சார்ஜாவிலிருந்து உங்கள் பதில் வந்து சேர்வதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும். இருபத்தைந்து வயது ஆனவர்களை எடுக்கமாட்டார்கள். எனக்கு ஐப்பசியில் இருபத்தைந்து. இந்த வருஷம் விட்டால் எந்த வருஷமும் இல்லை.

படிப்பு நாலு வருஷம். புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் வரைகிற பிரிவு. பல்கலைக்கழகப் பட்டம் கொடுப்பார்கள். நுழைவுத் தேர்வு எழுதியதையும் உங்களிடம் சொல்லவில்லை. எப்படியும் கிடைக்காது, கிடைக்காததைச் சொல்லி உங்கள் கேலியை வாங்குவானேன் என்று இருந்தேன். கிடைத்துவிட்டது.

வியாபாரக் காரணத்தை முதலில் சொல்கிறேன். வெளிச்சம் அடித்து ரப்பர் ஸ்டாம்பு எடுக்கிற மெஷின் சாலை பஜாரில் இரண்டு கடைக்கு வந்துவிட்டது. நானும் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். அது வந்தபிறகு கையால் சீல் வெட்டுகிறவள் என்று எனக்குத் தனி விலை கிடையாது. அதற்காக நான் அழப்போவதும் இல்லை. மெஷின் எடுத்துக் கொடுக்கும், ஆனால் எடுப்பதற்குப் படத்தை ஒருத்தர் வரைந்துதானே தர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பாடப்புத்தகக் கிடங்குக்கு சீல் கொடுக்கப் போகும்போதெல்லாம் அங்கே கட்டுமேல் உட்கார்ந்து பிள்ளைகள் புத்தகத்தில் படம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். யார் வரைந்தது என்று பெயர் தேடுவேன். இருக்காது. இத்தனை வருஷமாகத் தேடியிருக்கிறேன் என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

சீல் கடையைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் ஒன்பது மணி வரை நான். சாயங்காலம் வகுப்பு விட்டபிறகு நான். நடுவில் ரத்னாபாய் அக்கா உட்கார்ந்து ஆர்டர் எடுத்து வைக்கிறார். கோயில் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தாரே, அவர்தான். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் பெரிசு, அது கடைக்கு நல்லது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. பதினைந்து வயதில் இந்தக் கடையைக் கூட்டிப் பெருக்க வந்தவள், பத்தொன்பதில் அதே கடையை வாடகைக்கு எடுத்தேன். அன்றைக்குக்கூட இப்படி இல்லை. முதல் நாள் வகுப்புக்குள் போனதும் ஒரு பெண் எழுந்து நின்றாள். என்னை டீச்சர் என்று நினைத்துவிட்டாள். ஜெஸ்லின் என்று பெயர், பதினெட்டு வயது. விஷயம் தெரிந்ததும் பக்கத்தில் இடம் கொடுத்து, "சேச்சி பேடிக்கண்டா" என்றாள். அவள் பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் என் பயம் முகத்தில் தெரிகிறது என்று புரிந்தது. ஒரு பானையை வைத்து வரையச் சொன்னார்கள்.  முழங்கால் இரண்டுக்கும் நடுவில் கையை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திட்டுவதானால் ஒரே கடிதத்தில் திட்டி முடித்துவிடுங்கள். மிச்சம் வைக்க வேண்டாம்.

உங்கள்
நாச்சியார்


சார்ஜா
20-8-1998

நாச்சியாருக்கு லிங்கம் எழுதுவது,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்ததைப் பார்த்து, அறையில் கூட இருக்கிற பால்பாண்டி, "என்ன மாமா, ஊர்ல விசேஷமா?" என்றான். "ஆமடே, எம் பொண்டாட்டி ஒண்ணாங் கிளாஸ்ல சேந்திருக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளக்கை அணைத்தபிறகு சிரிப்பு வரவில்லை.

நான் திட்டினால் கட்டின பணத்தை நீ திருப்பி வாங்கவா போகிறாய். உன்னைத் தெரியும். தம்பானூர் ஹோட்டலில் நான் இலை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, சாம்பாருக்குத் தனிக் காசு கேட்கிறார்கள் என்று முதலாளியிடம் சண்டை போட்டவள்தானே நீ. என் மாமன் மகள் என்று தெரிந்துவிடுமோ என்று நான் ஒளிந்துகொண்டு நின்றேன்.

உன் படிப்பு பற்றி எனக்குப் பயம் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நாலு வருஷம் கழித்து நீ வேறு ஆட்களோடு வேறு பேச்சு பேசுகிறவளாக இருப்பாய். நான் கிடங்கில் பெட்டி அடுக்கின லிங்கமாகவே வந்து நிற்பேன். இந்த வெயிலில் நான் கிடப்பது, திரும்பி வந்தால் உட்கார ஒரு கடை இருக்கிறது என்ற தைரியத்தில். அதை மட்டும் காப்பாற்றி வை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ரத்னாபாயிடம் சாவி கொடுக்காதே.

அன்புடன்
லிங்கம்


பழவங்காடி
12-9-1998

அன்புள்ள அத்தானுக்கு,

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஓணத்துக்குச் சங்கங்களும் கிளப்புகளும் கொடுத்த ஆர்டர் நல்லபடியாகப் போனது. கடை நன்றாக இருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை.

ஓணம் விடுமுறைக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரி வாட்ச்மேனை ஸ்டூலில் உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். இடது கையில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டேன். கடைப் பழக்கம், ஆள் காத்திருக்கிறார் என்று கை தானாக ஓடும். நன்றாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் கொஞ்சம் கர்வம்கூட.

அனந்தபத்மநாபன் சார் வந்து பின்னால் நின்றார். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக்காரர். மற்றவர்களிடம் மலையாளம், என்னிடம் மட்டும் அவர்கள் வீட்டுத் தமிழ். படத்தையும் வாட்ச்மேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "என்னம்மா இது, எதைப் பாத்துண்டு போட்டே? குடை அவனுக்கு இடது கையிலேன்னா இருக்கு" என்றார்.

பார்த்தேன். என் படத்தில் குடை வலது கையில் இருந்தது. சட்டைப்பை வலப்பக்கம். வேட்டி மடிப்பு மறுபக்கம். அவர் கன்னத்து மருகூட இடம் மாறி உட்கார்ந்திருந்தது. மற்றபடி எல்லாம் சரி. ஆளைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

யாரோ எடுத்த போட்டோவைத் திருப்பிப் போட்டு வீட்டில் ட்ரேஸ் பண்ணிக் கொண்டுவந்தாயா என்று சார் கேட்டார். பையன்கள் சிரித்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது, குரல் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிற எதையும் நான் இடம் வலமாக மாற்றித்தான் ரப்பரில் வெட்டியிருக்கிறேன். அப்படி வெட்டினால்தானே காகிதத்தில் நேராக விழும். கை அதையே செய்திருக்கிறது. மறுநாள் கடையில் ரத்னாபாய் அக்காவை உட்காரவைத்து நிதானமாக வரைந்து பார்த்தேன். நேராக வந்தது. வகுப்பில் சார் பின்னால் வந்து நின்றதும் மறுபடியும் மாறிவிட்டது. பயப்படாதபோது கை நான் சொன்னதைக் கேட்கிறது. பயந்தால் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது. எனக்கு அங்கே எப்போதும் பயம்.

சாரிடம் போய் என் தொழிலைச் சொன்னேன். நம்பினார். ஆனால் இதற்கு என்ன செய்வதென்று தனக்கும் தெரியாது, இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார். டிசம்பரில் முதல் பருவத் தேர்வு. ஆளை உட்காரவைத்து வரைவதுதான் முக்கியம். அதில் ரொம்பக் குறைந்தால் சீட்டை எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அத்தான், இதைப் பால்பாண்டியிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

நாச்சியார்


சார்ஜா
2-10-1998

நாச்சியாருக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இங்கே நிலைமை சரியில்லை. கிடங்கை விற்கப்போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது. இப்போது விற்றேவிட்டார்கள். புது முதலாளி அவன் ஆட்களைக் கொண்டுவருகிறான். எங்கள் அறையில் பாதிப் பேர் ஊருக்குப் போயாயிற்று. பால்பாண்டியும் போகிறான். என்னை ஜனவரி வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு விசா இல்லை. ஒரேயடியாக வந்துவிடுகிறேன்.

நானும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு சீல் வெட்டத் தெரியாது. அந்த மெஷினைப் பார்த்ததுகூட இல்லை. மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து எழுதிக் கொடுத்தால் நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ இல்லாத கடையில் நான் யார்?

உன் கை உனக்கே சொல்லிவிட்டது, நாச்சியா. அது சீல் வெட்டுகிற கை. அதை வேறு எதற்கும் பழக்க முடியாது. டிசம்பரில் அவர்கள் வெளியே போகச் சொல்லுமுன் நீயாகவே வந்துவிட்டால் மரியாதை மிஞ்சும். கட்டின பணம் போனால் போகட்டும்.

கல்யாணம் ஆனதிலிருந்து உன்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன். கல்லூரியை விட்டுவிடு.

லிங்கம்


பழவங்காடி
21-10-1998

அன்புள்ள அத்தானுக்கு,

வேலை போகிறதென்று படித்ததும் பகவதி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். ஆரோக்கியமாக வந்து சேருங்கள், அது போதும்.

மற்றதற்கு உடனே பதில் எழுதாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கோபத்தில் எழுதினால் நீங்கள் அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டுவீர்கள்.

முடியாது, அத்தான். அவர்கள் வெளியே அனுப்பினால் போகிறேன். நானாக இறங்கமாட்டேன். சீல் வெட்டுகிற கை என்று எழுதினீர்களே, அந்த வரியில் மை தடவிவிட்டுத்தான் பாக்கியைப் படித்தேன். எனக்கு வேறு எதற்கும் கை இல்லை என்று என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் பஸ் ஏறும்போது அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கல்லூரிக்குப் பாளையத்தில் இறங்க வேண்டும். ஒருநாள் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை போய், நடந்து திரும்பி வந்தேன்.

சும்மா இருக்கவும் இல்லை. சாலை பஜாரில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வாங்கினேன். உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியில் அவரைப் பார்த்து வரைந்தேன். கண்ணாடி ஒரு தரம் மாற்றுகிறது, கை ஒரு தரம் மாற்றுகிறது, படம் நேராக விழுந்தது. வகுப்பு முழுக்க என்னைத்தான் பார்த்தது. ஜெஸ்லின் மட்டும், "சேச்சி, ப்யூட்டி பார்லர் துறந்நோ?" என்று, நான் பார்லர் திறந்துவிட்ட மாதிரி கேட்டுவிட்டுப் பென்சில் சீவிக் கொடுத்தாள். ஆனால் தேர்வில் கண்ணாடி வைக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ஆகையால் கண்ணாடியைக் கடையில் மாட்டிவிட்டேன். அக்கா பொட்டு சரிசெய்துகொள்கிறார்.

இப்போது உங்கள் விஷயம். கடையில் நீங்கள் யார் என்று கேட்டீர்கள். நான் யோசித்து வைத்திருக்கிறேன். மெஷின் கார்த்திகையில் வருகிறது. ஓட்டப் படித்துக்கொள்வது கஷ்டமில்லை. ஆர்டர் வாசிக்க அக்கா இருக்கிறார். ஆளோடு பேச உங்களைவிட யார் இருக்கிறார்கள், ஹோட்டலில் ஐம்பது பேர் கேட்டதை மனதில் வைத்து மேஜை மேஜையாகக் கொடுத்தவர் நீங்கள். பகல் முழுக்க நீங்கள் கடையில் இருங்கள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு சம்பளம் தருகிறேன். அக்காவுக்குக் கொடுப்பதைவிட அதிகம். ஆறு மாதம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம்.

யோசித்து எழுதுங்கள்.

நாச்சியார்


சார்ஜா
9-11-1998

நாச்சியார்,

உன் புருஷனுக்குச் சம்பளம் பேசியிருக்கிறாய். அக்காவுக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்றும் எழுதியிருக்கிறாய். 

நீ வேண்டுமென்று எழுதவில்லை என்று தெரியும். உனக்கு ஆளைக் கடையில் வைப்பதென்றால் சம்பளம்தான் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பழவங்காடி முக்கில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. பழைய ஹோட்டல் கூட்டம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். "என்ன லிங்கம், வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்து பொண்டாட்டி கடையில வேலைக்கா?" என்று ஒருத்தன் கேட்பான். நான் என்ன பதில் சொல்வேன் என்று இங்கே படுத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

கல்லூரியை விடு என்று கேட்டது பயத்தில் கேட்டது. இனி கேட்கமாட்டேன். நீ ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்ததை எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு கேட்க வாய் வரவில்லை. நானும் ஜனவரியில் கடை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் ஆயுர்வேதக் கல்லூரி வரை நடந்துபோய்த் திரும்பிவருகிற ஆள்தான்.

ஆனால் என் நிபந்தனை இது. சம்பளம் வேண்டாம். இங்கே கணக்கு முடித்துக் கொடுக்கிற தொகையை மெஷின் பாக்கிக்குப் போடுகிறேன். அதற்குக் கடையில் பாதிப் பங்கு வேண்டும். வாடிக்கைக்காரர் முன்னால் நீ என்னைத் திருத்தக் கூடாது. நான் தப்பாக விலை சொன்னாலும் அந்த ஆள் போனபிறகுதான் சொல்ல வேண்டும்.

தேர்வை முடித்துவிட்டு பதில் போடு. இப்போது வேண்டாம். பயப்படாதே என்று எழுத நினைத்தேன். என் கையெழுத்தைப் பார், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

லிங்கம்


பழவங்காடி
16-12-1998

அன்புள்ள அத்தானுக்கு,

தேர்வு முடிந்தது. நான் தேறவில்லை. வெளியேயும் அனுப்பவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். காலையில் எனக்கு வாந்தி. ஜெஸ்லின் தண்ணீர் கொடுத்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மாடலாக உட்கார்ந்தது மூட்டை தூக்குகிற ஒரு சுமட்டுத் தொழிலாளி. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தலை, கழுத்து, இடது தோள், இடது கை எல்லாம் நிதானமாக வரைந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் இது எந்தப் பக்கம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நேராக வந்தது. வலது கையைத் தொடங்கும்போது, வெளியிலிருந்து வந்த பரிசோதகர் என் பின்னால் நின்றார். அவர் காலடிச் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு என் கை என்னிடம் இல்லை.

தேர்வு முடிந்து சார் படத்தைத் தூக்கிப் பிடித்தார். "இந்த மனுஷனுக்கு ரெண்டும் இடது கையா இருக்கேம்மா, சாப்படறது எப்படி?" என்றார். எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சாரும் சிரித்துவிட்டார். பரிசோதகர் சிரிக்கவில்லை. அவர் நான் முதலில் வரைந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலையாளத்தில், இதை வரைந்தவள்தான் அதையும் வரைந்தாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தத் தரம் குரல் வந்தது.

தேர்ச்சி போடவில்லை. மார்ச் எட்டாம் தேதி மறுதேர்வு. அதிலும் போனால் சீட் போய்விடும். அதுவரை வகுப்பில் உட்காரலாம். ஆகையால் பயம் அப்படியே இருக்கிறது, மூன்று மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அவ்வளவுதான் கிடைத்தது.

சம்பளம் எழுதியது தப்பு. ரத்னாபாய் அக்காவிடம் அதைச் சொன்னேன். "ஏ பெண்ணே, புருஷனுக்குச் சம்பளம் பேசினா அவன் லீவும் கேப்பான்லா" என்றார். வேலைக்கு வருகிற ஆளிடம் பேசுகிற பேச்சைத்தான் உங்களிடமும் பேசியிருக்கிறேன். அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். வந்து திட்டுங்கள். கடை அடைத்தபிறகு.

ஹோட்டல் கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான் சொல்லித்தர முடியாது. எனக்கே வகுப்பில் சிரிக்கிற பையன்களுக்குச் சொல்லப் பதில் இல்லை. இரண்டு பேரும் பதில் இல்லாமலே போய் நிற்போம்.

உங்கள் நிபந்தனையைப் பார்த்தேன். பாதிப் பங்கு இப்போது கட்டுப்படியாகாது. மெஷின் பாக்கி, கடையின் பெயர், வாடிக்கை எல்லாம் போட்டுப் பார்த்தேன். நீங்கள் வேறு ஆளாக இருந்தால் நாலில் ஒன்று சொல்லியிருப்பேன். ஆகையால் இப்படி முடிக்கிறேன், சம்மதமானால் மறுபடி எழுதவும் வேண்டாம், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்:

முதல் வருஷம் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்கு, இரண்டாம் வருஷத்திலிருந்து சரிபாதி. மெஷின் பாக்கி உங்கள் பணத்தில். பகலில் கடை உங்களுடையது, வாடிக்கைக்காரர் முன்னால் நான் வாய் திறக்கமாட்டேன். சாயங்காலம் இரண்டு மணி நேரம் நான் சீல் வெட்டுவேன். மார்ச்சில் நான் தோற்றால் முழுநேரமும் கடைக்கு வந்துவிடுகிறேன், அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தேறினால் நாலு வருஷமும் படிப்பேன், அப்போதும் பேசக் கூடாது. மார்ச் எட்டாம் தேதி மட்டும் கடை பூட்டு. அன்று காலையில் நீங்கள் என்னோடு பஸ்ஸில் வந்து, பாளையத்தில் என்னோடு இறங்கி, நான் வெளியே வரும்வரை கல்லூரி கேட்டில் நிற்க வேண்டும்.

நாச்சியார்